பல் டாக்டரைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள்

"சேட்டை பண்ணினா பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்லிடுவேன்!" நம் வீடுகளில் சர்வசாதாரணமாகக் காதில் விழும் மிரட்டல் இது. சில மாதம் கழித்து அதே குழந்தைக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகிறது. ராத்திரி முழுக்க அழுகை, விடிந்தால் கன்னத்தில் வீக்கம். அவசரமாக ஆட்டோ பிடித்து எந்த டாக்டரைக் காட்டி மிரட்டினார்களோ, அவரிடமே கொண்டுபோகிறார்கள். வலியோடும் தூக்கக் கலக்கத்தோடும் அந்த நாற்காலியில் முதன்முதலாக உட்காரும் பிள்ளை வாயை இறுக மூடிக்கொள்கிறது. அதைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்வது நியாயமே இல்லை.

அந்த முதல் பயணம், வலி வருவதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். முதல் பல் முளைத்ததும், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள், ஒருமுறை காட்டிவிடுங்கள் என்பதே குழந்தைகள் பல் மருத்துவர்களின் பரிந்துரை. "விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதுக்கு டாக்டர்?" என்று தாத்தா பாட்டிகள் கேட்கலாம். இருபது பால் பற்களில் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்கும். மெல்லுவதும் அவற்றால்தான், அடியில் வளரும் நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அவைதான்.

முதல் சந்திப்பில் பெரும்பாலும் சிகிச்சையே இருக்காது. அம்மாவும் டாக்டரும் முழங்காலோடு முழங்கால் ஒட்ட எதிரெதிரே உட்காருவார்கள். குழந்தையின் கால்கள் அம்மாவின் இடுப்பைச் சுற்றியிருக்கும். தலை டாக்டர் மடியில். படுத்தபடியே அம்மா முகத்தைப் பார்க்கலாம். டாக்டர் பல்லை எண்ணிப் பார்ப்பார், எப்படித் தேய்ப்பது என்று காட்டுவார். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு உலகமெங்கும் கையாளப்படும் முறை ஒன்று உண்டு. 1959-இல் அடல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் எழுதிவைத்தது: முதலில் சொல், பிறகு காட்டு, அப்புறம் செய். சுழலும் பிரஷ்ஷை நேராக வாய்க்குள் விடுவதில்லை. "இது பல்லுக்குக் கூச்சம் காட்டுற பிரஷ்" என்று சொல்லி, குழந்தையின் கட்டைவிரல் நகத்தில் மெதுவாக ஓட விடுகிறார்கள். எச்சில் உறிஞ்சும் குழாயைக் கையில் கொடுத்து, பேப்பர் கப்பில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சச் சொல்கிறார்கள். அந்தச் சத்தத்துக்குக் குழந்தை சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. "கையைத் தூக்கினா உடனே நிறுத்திடுவேன்" என்றும் டாக்டர் சொல்லிவைப்பார். சொன்னபடி அவர் நிறுத்தியே ஆக வேண்டும். ஒருமுறை ஏமாற்றினால் அந்த நம்பிக்கையை மீட்பது பெரும்பாடு.

ஏமாற்றுவதில் பெற்றோருக்கும் பங்குண்டு. "ஒண்ணுமே பண்ண மாட்டாங்க" என்று அழைத்துப்போவது பொய். "வலிக்கவே வலிக்காது" என்றால் 'வலி' மட்டும்தான் பிள்ளை மனதில் தங்கும். "அழாம இருந்தா ஐஸ்க்ரீம்" என்பதும், அழ வைக்கும் ஏதோ காத்திருக்கிறது என்ற முன்னறிவிப்பே. "டாக்டர் பல்லைப் பார்ப்பாங்க, தண்ணி அடிச்சுக் கழுவுவாங்க, கொஞ்சம் சத்தம் வரும், நான் பக்கத்துலயே இருக்கேன்" என்பது போதும். ஊசியைப் பற்றிய பேச்சை டாக்டரிடமே விட்டுவிடலாம். ஈறு மரத்துப்போக ஜெல் தடவிய பிறகே அவர் அதை எடுப்பார். பல் டாக்டர் என்றாலே அப்பாவுக்கு உதறுமென்றால், அன்றைக்கு அத்தையோ சித்தியோ துணைக்குப் போகட்டும்.

கத்தும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அடக்கும் பழக்கம்கூட ஒருகாலத்தில் இருந்தது. அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவ அகாடமி 2006-இல் அதைத் தன் வழிகாட்டுதலிலிருந்து நீக்கியது. இன்று மென்மையான வழிகள் பல உள்ளன. ஆழமாகப் போகாத சொத்தையில் 'சில்வர் டயமைன் ஃப்ளோரைடு' என்ற திரவத்தைத் தொட்டு வைத்தால், குடையாமலே சொத்தை பரவுவதைத் தடுக்க முடியும். சொத்தை விழுந்த இடம் கறுத்துவிடும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2021-இல் இந்தத் திரவம் இடம்பெற்றது. ரொம்பப் பதறும் பிள்ளைகளுக்கு, மூக்கு மாஸ்க் வழியாக ஆக்சிஜனோடு நைட்ரஸ் ஆக்சைடு கொடுப்பதும் உண்டு. குழந்தை விழித்தேதான் இருக்கும், பதற்றம் மட்டும் தணியும்.

ஊசி போட்ட நாளில் வீடு திரும்பியதும் ஒரு கவனம் தேவை. உதடு இரண்டு, மூன்று மணி நேரம் மரத்திருக்கும். வேடிக்கையாக இருக்கிறதே என்று பிள்ளை அதைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். வீங்கிய உதட்டைப் பார்த்து, டாக்டர்தான் காயப்படுத்திவிட்டார் என்று வீட்டார் நினைப்பதுண்டு. மரப்பு விலகும்வரை எதையும் மெல்லக் கொடுக்காதீர்கள், பக்கத்திலேயே இருங்கள்.

உங்கள் குழந்தைக்கு இப்போது பல்வலி இல்லையா? அப்படியானால் இந்த மாதமே நேரம் கேட்டு வாங்குங்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டுத் தெம்பாக இருக்கும் காலை வேளையாகப் பார்த்து, பல்லை எண்ணிப் பார்க்க மட்டும் அழைத்துப் போய் வாருங்கள்.