பேரவையைக் கடந்த பின் மசோதாவுக்கு நேர்வது என்ன?

ஒரு மாநிலத்தில் புதிய சட்டம் இயற்றவோ, நடப்பிலுள்ள சட்டத்தைத் திருத்தவோ அரசு முன்வைக்கும் வரைவே மசோதா எனப்படுகிறது. தமிழகச் சட்டமன்றத்தின் அலுவல் வழக்கில் அது சட்டமுன்வடிவு. மேலவை 1986-இல் கலைக்கப்பட்டதால் தமிழகத்தில் 234 உறுப்பினர்களைக் கொண்ட பேரவை மட்டுமே மசோதாக்களை ஆராய்கிறது. அமைச்சர் மசோதாவை அறிமுகம் செய்தபின், அதன் நோக்கமும் உட்பிரிவுகளும் விவாதிக்கப்பட்டு, பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில் அது நிறைவேறுகிறது. கூட்டத்தொடரின் கடைசி நாட்களில் பல மசோதாக்கள் ஒரே நாளில் நிறைவேற்றப்படுவது மக்களாட்சிக்கு நல்லதன்று; எனினும் அண்மைக்காலத்தில் பெரிய சிக்கல் எழுந்தது பேரவைக்கு உள்ளே அன்று, அதற்கு வெளியே.

பேரவை நிறைவேற்றிய மசோதா ஆளுநரின் ஒப்புதல் பெற்ற பின்னரே சட்டமாகிறது. அவர் ஒப்புதல் அளிக்கலாம், அதனை நிறுத்திவைக்கலாம், அல்லது குடியரசுத் தலைவரின் பார்வைக்கு ஒதுக்கலாம் என்கிறது அரசமைப்பின் 200-ஆவது பிரிவு. வரிவிதிப்பு, அரசின் செலவு போன்றவற்றை மட்டுமே பற்றிய பண மசோதாவைத் தவிர மற்ற மசோதாக்களை மறுஆய்வு கோரி அவர் திருப்பி அனுப்பலாம் என்றும், பேரவை அவற்றை மீண்டும் நிறைவேற்றினால் அவர் ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்றும் அப்பிரிவு கூறுகிறது. ஆனால் 'இயன்ற அளவு விரைவில்' திருப்பி அனுப்ப வேண்டும் என்பதற்கு மேல் நாள் கணக்கு எதுவும் அதில் இல்லை; தகராறுகள் அனைத்தும் இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கின்றன.

ஒப்புதலுக்கு ஆகும் காலம் எவ்வளவு வேறுபடக்கூடும் என்பதற்குத் தமிழகமே சான்று. ஜல்லிக்கட்டுக்கு வழிவகுத்த திருத்த மசோதா 2017 ஜனவரி 23 அன்று பேரவையில் நிறைவேறி, அம்மாதம் முடிவதற்குள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்விலிருந்து விலக்கு கோரும் மசோதாவோ 2021 செப்டம்பரில் நிறைவேறி, 2022 பிப்ரவரியில் ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, அம்மாதம் 8-ஆம் தேதி மீண்டும் நிறைவேற்றப்பட்டது; அது குடியரசுத் தலைவரால் ஏற்கப்படவில்லை என்ற செய்தி 2025 ஏப்ரலில்தான் பேரவையில் அறிவிக்கப்பட்டது. மறுப்பதற்கு அரசமைப்பு இடமளிக்கிறது. ஆனால் மறுப்பை அறியவே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது மாணவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி.

பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர் நியமனத்தைப் பெரும்பாலும் பற்றிய பத்து மசோதாக்களின் கதை நீதிமன்றம் வரை சென்றது. 2023 நவம்பரில் ஆளுநர் அவற்றுக்கு ஒப்புதலை நிறுத்திவைத்தார். அம்மாதம் 18-ஆம் தேதி சிறப்புக் கூட்டத்தில் பேரவை அவற்றை மீண்டும் நிறைவேற்றியது. ஒப்புதல் அளிப்பதற்கு மாறாக அவர் அனைத்தையும் குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கினார். இது சட்டப்படி தவறு எனக் கூறிய உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, 2025 ஏப்ரல் 8 அன்று அப்பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதப்படும் என அறிவித்ததோடு, ஆளுநர் முடிவெடுக்க ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை காலவரம்புகளையும் வகுத்தது. அதன்பின் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தை நாடி 14 வினாக்களை எழுப்ப, ஐந்து நீதிபதிகள் அமர்வு 2025 நவம்பர் 20 அன்று விடையளித்தது: நீதிமன்றம் காலவரம்பு விதிக்க இயலாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறையும் அரசமைப்பில் இல்லை, ஆயினும், மசோதாவைப் பேரவைக்குத் திருப்பாமல் வெறுமனே நிறுத்திவைக்கும் உரிமை ஆளுநருக்கு இல்லை, காரணமின்றி நெடுங்காலம் செயலற்றிருந்தால், முடிவெடுக்குமாறு பணிக்க மட்டும் நீதிமன்றம் தலையிடலாம்.

நீதிமன்றம் விதிக்க இயலாத காலவரம்பை நாடாளுமன்றம் அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் விதிக்க இயலும். மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்து 2010-இல் அறிக்கை அளித்த பூஞ்சி ஆணையம், ஆளுநர் ஆறு மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என ஏற்கெனவே பரிந்துரைத்துள்ளது. அப்பரிந்துரையை நாடாளுமன்றம் இனியும் தள்ளிப்போடாமல் 200-ஆவது பிரிவில் எழுத்தாக்க வேண்டும்.