உரோமானியர் அன்றாட வாழ்வும் வரலாற்றுப் புதினமும்: சான்றுகளைக் கையாளும் முறை

முன்னுரை

பழங்கால உரோமைக் களமாகக் கொண்டு வரலாற்றுப் புதினம் எழுத முனைவோர்க்குப் பேரரசர்களின் ஆட்சியாண்டுகளும் போர்களின் முடிவுகளும் எளிதில் கிடைத்துவிடுகின்றன. கதைமாந்தர் ஒருவர் என்ன உண்டார், அதற்கு எவ்வளவு காசு கொடுத்தார், எதை உடுத்தி வெளியே சென்றார் என்னும் வினாக்களே எழுத்தாளரைத் தடுமாற வைக்கின்றன. இவற்றுக்கான விடைகள் வெவ்வேறு நூற்றாண்டுகளிலும் மாநிலங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றாகத் திரட்டி 'உரோமானியர் வாழ்க்கை' என்று பொதுச் சித்திரம் தீட்டும் நூல்களை மட்டும் நம்பி எழுதப்படும் புதினம், எந்த ஊரிலும் எந்த ஆண்டிலும் நிகழாத ஒரு நாளைக் காட்டிவிடுகிறது. ஆண்டையும் ஊரையும் முதலில் வரையறுத்து, அவற்றுக்குரிய சான்றுகளைப் பிரித்தெடுப்பதே புதின ஆய்வின் முதற்பணி என்பதை, கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலையால் புதையுண்ட பொம்பெயி நகரை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

நாளும் பொழுதும்

பொம்பெயி அழிந்த நாள் ஆகஸ்டு 24 என்பது நெடுங்கால மரபு. இளைய பிளினி வரலாற்றாசிரியர் டாசிடசுக்கு எழுதிய மடலே இதற்கு அடிப்படை. ஆனால் அம்மடலின் கையெழுத்துப் படிகள் நாளைக் குறிப்பதில் ஒன்றுபடவில்லை. இலையுதிர்காலக் கனிகளின் எச்சங்களும் முன்னரே ஐயத்தை எழுப்பியிருந்தன. 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் கரியால் எழுதப்பட்ட குறிப்பு ஒன்று வெளிப்பட்டது. அது நவம்பர் முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்பட்ட பதினாறாம் நாளை, அதாவது அக்டோபர் 17-ஐச் சுட்டுகிறது (உரோமானியர் தொடக்க நாளையும் முடிவு நாளையும் சேர்த்தே எண்ணினர்). கரியெழுத்து விரைவில் அழியக்கூடியது. ஆகவே பேரழிவுக்குச் சற்று முன்னர்தான் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒரு சாரார் வாதம். குறிப்பில் ஆண்டு இல்லை. முந்தைய ஓர் ஆண்டின் அக்டோபராகவும் இருக்கலாம் என்பது மற்றொரு சாரார் மறுப்பு.

வரலாற்றாசிரியர் இவ்விரு கருத்துகளையும் அருகருகே வைத்துவிட்டு நகரலாம். புதின ஆசிரியருக்கு அவ்வசதி இல்லை. கதைமாந்தர் கோடை வெயிலில் வியர்க்கிறாரா, கணப்புச் சட்டியருகே குளிர்காய்கிறாரா, திராட்சை கொடியில் தொங்குகிறதா, பிழிந்து சாடிகளில் அடைக்கப்பட்டுவிட்டதா என்பவற்றை அவர் முடிவு செய்தே ஆகவேண்டும். மணிக்கணக்கும் இதனால் மாறும். உரோமானியர் பகற்பொழுதை, அது நீண்டாலும் குறுகினாலும், பன்னிரண்டு கூறுகளாகவே பகுத்தனர். ஆகஸ்டு 24-இல் ஒரு கூறு ஏறத்தாழ 67 நிமிடம். அக்டோபர் 24-இல் ஏறத்தாழ 54 நிமிடம். எரிமலை மேகம் 'ஏழாம் மணி' அளவில் தென்பட்டதாகப் பிளினி கூறுகிறார். அது காலை ஏழு மணியன்று. நண்பகல் கடந்த வேளை. இதை அறியாத எழுத்தாளர் ஒரு நகரத்தையே அரை நாள் முன்னதாக அழித்துவிடுவார்.

அங்கதமும் ஆணையும்

அன்றாட வாழ்வுக்கு ஜூவெனல், மார்ஷியல் ஆகியோரின் அங்கதப் பாடல்களே பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. அங்கதப் புலவர் மிகைப்படுத்துபவர். எனவே அவர் கூற்றுக்கு வேறு வகைச் சான்றின் துணை வேண்டும். உரோமின் இரவு வண்டியோசை உறங்கவிடுவதில்லை என்னும் ஜூவெனலின் குறைபாட்டுக்கு அத்தகைய துணை உண்டு. சீசர் காலத்ததாகக் கருதப்படும் சட்டப் பொறிப்பு ஒன்று, சில விலக்குகள் நீங்கலாக, கதிரெழுந்தது முதல் பத்தாம் மணி வரை வண்டிகள் நகருக்குள் இயங்குவதைத் தடை செய்கிறது. ஆயினும் அவ்விதி உரோம் நகருக்கு உரியது. அதை அப்படியே பொம்பெயித் தெருக்களுக்கு ஏற்றிவிடல் ஆகாது.

ஆணைகளைத் தலைகீழாகவும் படிக்க வேண்டும். மன்றத்தில் தோகா அணிந்தோர் மட்டுமே நிற்க அனுமதிக்குமாறு அகஸ்டஸ் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டதாகச் சூட்டோனியஸ் எழுதுகிறார். மக்கள் அவ்வாடையைத் தவிர்த்து வந்தனர் என்பதே இதன் உட்பொருள். உரோமானிய ஆண் ஒவ்வொருவரையும் எந்நேரமும் தோகாவில் உலவவிடும் வழக்கம் திரைப்படங்கள் நமக்குத் தந்த கொடை.

காசும் உணவும்

விலைகளுக்கு டயோகிளீஷியனின் விலைவரம்பு ஆணையை நாடுவோர் பலர். முடி திருத்துபவரின் கூலி இரண்டு தெனாரியஸ் என்பது வரை அதில் விரிவான பட்டியல் உள்ளது. ஆனால் அது கி.பி. 301-இல், நாணய மதிப்பு சரிந்து விலைகள் ஏறிய சூழலில் பிறந்தது. இரு நூற்றாண்டுகளுக்கு முந்தைய பொம்பெயிக்கு அது பொருந்தாது. பொம்பெயிக்குப் பொம்பெயியின் சுவர்களே சான்று. ஒரு சுவரில் சில நாள்களின் செலவுக் கணக்கு கீறப்பட்டுள்ளது: பாலாடைக்கட்டி, ரொட்டி, எண்ணெய், வெங்காயம், மது. அவற்றிடையே 'அடிமைக்கு ரொட்டி' எனத் தனி இனமாக ஒரு செலவு, விலை இரண்டு. தொகைகள் ஆஸ் எனும் சிறு காசில் கணக்கிடப்பட்டவை என அறிஞர் கொள்வர்.

இக்கணக்கை அதே காலத்துப் பிறிதொரு சான்றுடன் இணைத்துப் பார்க்கலாம். வெசுவியஸ் சீற்றத்தின்போதே உயிரிழந்த மூத்த பிளினி, கருமிளகு ஓர் இராத்தல் நான்கு தெனாரியஸ் எனப் பதிவு செய்துள்ளார். ஒரு தெனாரியஸ் பதினாறு ஆஸ். ஆகவே முசிறி போன்ற துறைகளிலிருந்து கடல் கடந்து சென்ற மிளகின் ஓர் இராத்தல், அந்த அடிமையின் ரொட்டிச் செலவைப் போல் முப்பத்திரண்டு மடங்காகும். எனினும் மிளகைப் பெருஞ்செல்வர் வீட்டுக்கு மட்டும் உரியதாகக் காட்டுவதும் பிழை. பிரித்தானியாவின் வடக்கெல்லையில் விண்டோலாண்டா படைமுகாமில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 100-ஐச் சேர்ந்த மெல்லிய மரப்பலகைக் கணக்கொன்றில், படைவீரர் ஒருவர் பெயரில் இரண்டு தெனாரியசுக்கு மிளகு எழுதப்பட்டுள்ளது.

எளியோர் கூழையும் ரொட்டியையும் மட்டுமே உண்டனர் என்னும் கருத்தையும் அகழாய்வு திருத்தியுள்ளது. பொம்பெயிக்கு அண்மையிலுள்ள ஹெர்குலேனியத்தில், கடைகளும் அவற்றின் மேல்தளக் குடியிருப்புகளும் கொண்ட ஒரு கட்டடத்தின் கழிவுக்கால்வாய் ஆராயப்பட்டது. பலவகை மீன்முட்கள், முட்டையோடுகள், கடல்முள்ளெலி எச்சங்கள், அத்திவிதைகள் ஆகியவை அங்குக் கிடைத்தன. செல்வர் விருந்தைப் பாடிய புலவர் எவரும் இம்மேல்தளத்து உணவைப் பாடவில்லை.

எழுதாது போனோர்

புல்வர் லிட்டன் 1834-இல் வெளியிட்ட பொம்பெயி பற்றிய புகழ்பெற்ற புதினத்தில், அப்போது அண்மையில் அகழப்பட்டிருந்த ஓர் உண்மையான வீட்டைக் கதைத்தலைவனின் இல்லமாக்கினார். சுவரோவியம் முதல் தரைச்சித்திரம் வரை அவருக்குச் சான்று இருந்தது. பூ விற்கும் பார்வையற்ற அடிமைப்பெண் நிடியாவுக்கோ அத்தகைய இருப்பிடச் சான்று எதுவும் அவர்முன் இல்லை. அவள் முழுதும் கற்பனை.

இன்று எழுதுவோரின் நிலை சற்று வேறு. 2021-இல் பொம்பெயி மதில்களுக்கு வெளியே சிவிட்டா ஜூலியானா மாளிகையில் அடிமைகள் வாழ்ந்ததாகக் கருதப்படும் அறை ஒன்று வெளிப்படுத்தப்பட்டது. பரப்பு 16 சதுர மீட்டர். மேலே ஒரு சிறு சாளரம். சுவரில் ஓவியம் இல்லை. மூன்று மரக்கட்டில்களின் வடிவம் சாம்பலில் பதிந்த வெற்றிடங்களில் சாந்து வார்த்து மீட்கப்பட்டது. மூலைகளில் சாடிகள், ஒரு பெட்டியில் குதிரைச் சேணத்தின் பகுதிகள் எனக் கருதப்படுபவை, ஒரு கட்டிலின்மேல் வண்டியின் ஏர்க்கால். உறங்கும் இடமே பண்டச்சாலையாகவும் இருந்திருக்கிறது. இரு கட்டில்கள் ஏறத்தாழ 1.70 மீட்டர் நீளமுடையவை, மூன்றாவது 1.40 மீட்டர் மட்டுமே. அதில் படுத்தது ஒரு குழந்தை என்றே ஆய்வாளர் கருதுகின்றனர். அக்குழந்தையின் பெயரோ பேச்சோ எந்தச் சுவரிலும் எந்த மடலிலும் இல்லை. அவற்றைப் புதின ஆசிரியர் புனையலாம். அக்குழந்தை விழித்தெழும் அறையின் அளவையோ அதற்குள் இருந்த பொருள்களையோ அவர் இனிப் புனைய வேண்டியதில்லை.