சாப்பிட்ட 3 மணி நேரத்துல கை நடுங்குதா? "லோ பி.பி."ன்னு விட்டுடாதீங்க!

காலை 8 மணிக்கு 5 இட்லி, கூடவே சர்க்கரை தூக்கலா ஒரு டீ. வயிறு நிறைந்த திருப்தியோடு வேலைக்குக் கிளம்பியாச்சு. 11 மணி ஆனதும் கை நடுங்குகிறது. குப்பென்று வியர்க்கிறது. நெஞ்சு படபடக்கிறது. கண் இருட்டுகிறது. அகோரப் பசி எடுக்கிறது.

பக்கத்தில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். "லோ பி.பி.யா இருக்கும்ணே", "பித்தம்தான், வேற ஒண்ணுமில்ல", "வெயில்ல நின்னிருப்பே". ஓடிப்போய் இன்னொரு டீ குடித்ததும் சரியாகிவிடும். மறுநாள் அதே நேரம், அதே நடுக்கம்.

சாரத்தின் மேல் நிற்கும்போதோ, லேத்தில் வேலை செய்யும்போதோ, ஆட்டோ ஓட்டும்போதோ இது வந்தால் என்ன ஆகும்? ஒரு நொடி தடுமாறினாலும் ஆபத்துதான்.

இப்படி அடிக்கடி வந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்காதவர்களுக்கும் இது வரும். சாப்பிட்ட பிறகு வரும் இந்தத் தாழ்சர்க்கரையை டாக்டர்கள் 'ரியாக்டிவ் ஹைபோகிளைசீமியா' என்கிறார்கள்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

இட்லி, பொங்கல், சர்க்கரை டீ எல்லாம் சீக்கிரம் ஜீரணமாகி ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். அதை இறக்க கணையம் இன்சுலினைச் சுரக்கும். சிலருக்கு இன்சுலின் தாமதமாகவும் அதிகமாகவும் சுரக்கிறது. சாப்பிட்ட சர்க்கரை தீர்ந்த பிறகும் இன்சுலின் வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால் 2 முதல் 4 மணி நேரத்தில் சர்க்கரை 'மளமள'வென்று இறங்குகிறது.

இன்சுலின் ஊசி 1922-ல் முதன்முதலாக நோயாளிக்குப் போடப்பட்டது. ஊசியின் அளவு கூடினால் நடுக்கம், வியர்வை வருவதை டாக்டர்கள் கவனித்தார்கள். ஊசியே போடாத சிலருக்கும் அதே தொல்லை இருப்பதை 1924-ல் அமெரிக்க டாக்டர் சீல் ஹாரிஸ் எழுதினார்.

இரைப்பையில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். சர்க்கரை நோயின் முன்கட்டத்தில் இருப்பவர்களுக்கும் வரலாம். சிலருக்குக் காரணமே பிடிபடாது. வீட்டில் வேறொருவரின் சுகர் மாத்திரையைத் தெரியாமல் போட்டுக்கொண்டாலும் சர்க்கரை இறங்கிவிடும்.

3 சாட்சி வேண்டும்

நடுக்கத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர் ஆலன் விப்பிள் வகுத்த 3 அடையாளங்களைத்தான் டாக்டர்கள் இன்றும் பார்க்கிறார்கள்.

ஒன்று, நடுக்கம், வியர்வை போன்ற தொல்லை இருக்க வேண்டும். இரண்டு, அந்த நேரத்தில் பார்த்தால் ரத்த சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே என்பது கணக்கு. மூன்று, சர்க்கரை ஏறியதும் தொல்லை தீர வேண்டும்.

இதில் பலரும் கோட்டை விடுவது இரண்டாவது சாட்சியில்தான். டீ குடித்துத் தெம்பான பிறகு லேபுக்குப் போனால் ரிசல்ட் 'நார்மல்' என்றுதான் வரும். சுகர் பார்க்கும் மெஷின் கையில் இருந்தால் நடுக்கம் வந்த உடனே பார்க்க வேண்டும். விரலில் இனிப்பு ஒட்டியிருந்தால் கணக்கு தப்பாகும், கையைக் கழுவித் துடைத்த பிறகே குத்த வேண்டும். மெஷின் இல்லை என்றால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது, முதலில் இனிப்பு சாப்பிட வேண்டும்.

என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு நடுங்கியது என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினால் பாதி வேலை முடிந்தது. வழக்கமான சாப்பாட்டைக் கொடுத்து, 5 மணி நேரம் வரை ரத்தம் எடுத்துப் பார்ப்பதும் உண்டு. குளுக்கோஸ் தண்ணீர் டெஸ்டை மட்டும் நம்ப முடியாது. அதில் நல்ல ஆரோக்கியமானவர்கள் சிலருக்கும் சர்க்கரை இறங்கும்.

நடுங்கும் நேரத்தில் சர்க்கரை சரியாக இருந்தால் காரணம் வேறு. ரத்தசோகை, தைராய்டு, இதயத் துடிப்புக் கோளாறு, மனப் பதற்றம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டில்தான் பாதி மருந்து

வெறும் வயிற்றில் சர்க்கரை டீ, கலர், ஜூஸ் வேண்டாம். 5 இட்லி சாப்பிடுபவர் 3 இட்லியோடு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்துக்கொள்ளலாம். மதியம் சோற்றைக் குறைத்து பருப்பு, மீன், காய், கீரையைக் கூட்டலாம். ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்னாமல், 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமாகச் சாப்பிடலாம். சட்டைப் பையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை இருந்தால் நல்லது. வெறும் வயிற்றில் சரக்கு அடிப்பது சர்க்கரையை இன்னும் இறக்கும். இத்தனைக்கும் கேட்காவிட்டால் டாக்டர் மாத்திரை தருவார்.

நடுக்கம் வந்துவிட்டால் வண்டியை ஓரம் கட்ட வேண்டும். மெஷினை நிறுத்த வேண்டும். 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் உட்கார வேண்டும். தெளிந்ததும் சுண்டல், கடலை என ஏதாவது சாப்பிட வேண்டும். டீயோடு நிறுத்தினால் மறுபடியும் இறங்கலாம்.

மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்கு போன் செய்ய வேண்டும். சாப்பிடாத நேரத்திலோ, விடியற்காலையிலோ சர்க்கரை இறங்கினால் அது வேறு நோயாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆய்வின்படி, நாட்டில் சர்க்கரை நோயின் முன்கட்டத்தில் இருப்பவர்கள் 13.6 கோடி பேர். இன்று 11 மணிக்கு வரும் நடுக்கம், நாளை வரப்போகும் சர்க்கரை நோய்க்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் சுகர் டெஸ்டுக்குக் காசு கிடையாது. "டீ குடிச்சா சரியாயிடும்" என்று நாளைக் கடத்தாமல் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் நல்லது.