பழைய எஞ்சினில் ‘டர்போ’ மாட்டலாமா?

செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூர் என்றதும் சமண மடமும் பார்சுவநாதர் கோயிலும் நினைவுக்கு வரும். சுற்றுவட்டார ஊர்களில் நெல்லும் மணிலாவும் கரும்பும் பயிராகின்றன. கமலை இறைத்த கிணறுகளுக்கு முதலில் ஆயில் எஞ்சின் வந்தது. பிறகு மின்சார மோட்டார் வந்தது. ஆனால் உழவுக்கும் அறுவடைக்கும் இன்றும் டீசல் எஞ்சின்தான் துணை. புது டிராக்டர் வாங்க வசதியில்லாத சிறு விவசாயி பழைய வண்டியைத் தேடுகிறார். “டர்போ மாட்டிய வண்டி, இழுவை அதிகம்” என்று யாராவது சொன்னால் ஆசை பிறப்பது இயல்பு. பணத்தைக் கொடுக்குமுன் அமுக்க விகிதம் என்பது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

17 படி காற்று, 1 படி இடத்தில்

பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டரில் 17 படி காற்று கொள்வதாக வைத்துக்கொள்வோம். பிஸ்டன் மேலே வந்ததும் அந்தக் காற்று முழுவதும் 1 படி இடத்தில் அடைபடுகிறது. இதுவே 17-க்கு 1 என்ற அமுக்க விகிதம்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அமுக்கினால் சூடேறும் என்பதற்கு அதுவே சாட்சி. டீசல் எஞ்சினில் இந்தச் சூடு 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போகிறது. அதில் நாசில் தூவும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஸ்பார்க் பிளக் தேவையில்லை. ருடால்ப் டீசல் 1897-ல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய எஞ்சினுக்கும் இதுவே அடிப்படை. பெட்ரோல் எஞ்சின்களில் விகிதம் பெரும்பாலும் 8 முதல் 11 வரை இருக்கும். டீசல் எஞ்சின்களில் சுமார் 15 முதல் 20 வரை இருக்கும்.

ஒரு மில்லி மீட்டரின் விலை

இந்த விகிதம் எஞ்சினைச் செய்தவர்கள் அளந்து வைத்தது. பிஸ்டன் 110 மில்லி மீட்டர் ஏறி இறங்கும் எஞ்சினில் விகிதம் 17.5 என்று கொள்வோம். ஹெட்டுக்கு அடியில் 1 மில்லி மீட்டர் கூடுதல் கனமுள்ள கேஸ்கட்டை வைத்தால் விகிதம் சுமார் 15.3-க்கு இறங்கிவிடும். குளிர்ந்த காலை வேளையில் எஞ்சின் கிளம்பச் சண்டித்தனம் செய்யும். வெள்ளைப் புகை தள்ளும். ஹெட்டை அளவுக்கு மீறிச் சீவினாலோ விகிதம் ஏறிவிடும். வால்வு பிஸ்டனில் இடிக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே கம்பெனி குறித்த கனத்திலேயே கேஸ்கட் வாங்க வேண்டும்.

விகிதம் சரியாக இருந்தாலும் ரிங்கு தேய்ந்தால் அமுக்கம் கசிந்துவிடும். கைப்பிடி போட்டுச் சுற்றும் ஆயில் எஞ்சினில், லீவரை இறக்கிய பிறகும் கைப்பிடி தடையின்றிச் சுற்றினால் ‘கம்ப்ரஷன்’ போய்விட்டது என்று அறியலாம்.

டர்போ செய்வது என்ன?

வீணாகும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் புச்சி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். கூடுதல் காற்று இருப்பதால் கூடுதல் டீசலை எரிக்கலாம். எஞ்சின் பெரிதாகாமலே குதிரைச் சக்தி ஏறுகிறது.

சிக்கலும் இங்கேதான். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப் போல் சுமார் 40 மடங்கு ஆகிறது என்று கொள்வோம். டர்போ ஒன்றரை மடங்கு காற்றைத் திணித்தால் அது சுமார் 60 மடங்காகும். டீசல் எரியும்போது இன்னும் ஏறும். இதைத் தாங்கவே டர்போவுக்கென்று செய்த எஞ்சினில் பெரும்பாலும் விகிதத்தைச் சற்றுக் குறைக்கிறார்கள்; ஹெட் போல்ட்டையும் பேரிங்கையும் வலுவாக்குகிறார்கள். பல எஞ்சின்களில் பிஸ்டனின் அடியில் ஆயிலைப் பீச்சிக் குளிர்விக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு எதுவும் இல்லாத பழைய எஞ்சினில் டர்போவை மட்டும் மாட்டி, பம்பில் டீசலையும் கூட்டினால் முதலில் இழுவை தெரியும். பிறகு கேஸ்கட் ஊதும். பிஸ்டன் உருகவோ வெடிக்கவோ கூடும். மிச்சம் பிடித்த பணம் பட்டறைக்கே போய்விடும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

டர்போ கம்பெனியிலேயே பொருத்தப்பட்டதா என்பதை எஞ்சின் எண்ணைக் கொண்டு விற்பனையாளரிடம் விசாரிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங்கு தேய்ந்திருக்கலாம்.

டர்போ வண்டி வைத்திருப்போர் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேலும் ஓடக்கூடியது. ஆதலால் கிளப்பியதும் முறுக்காமல் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட வேண்டும். வேலை முடிந்ததும் உடனே நிறுத்தாமல், பாரமின்றி இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் ஆயில் கருகித் தண்டைக் கெடுக்கும். வைக்கோல் தூசி பறக்கும் அறுவடைக் காலத்தில் காற்று வடிகட்டியையும் அதன் ரப்பர் குழாயையும் தினமும் பார்க்க வேண்டும்.

பழைய எஞ்சினுக்கு டர்போ வாங்கும் பணத்தில் ரிங்கு மாற்றி, நாசிலைச் சோதித்து, வால்வைப் படியவைத்தால் இழந்த இழுவையில் பெரும் பகுதி திரும்பிவிடும். அதுவே சிறு விவசாயிக்கு ஆதாயம்.