தராசைப் பார்க்கும் உரிமை

தொழிலில் மனநிறைவு என்றதும் ஊதியத்தையும் வேலைச் சுமையையும் மட்டுமே எண்ணுவது பொது வழக்கம். ஆனால் தொழிலாளி தான் செய்யும் வேலையின் வேகத்தையும் முறையையும் கணக்கையும் பற்றிச் சொல்லும் சொல் எவ்வளவு தூரம் எடுபடுகிறது என்பதும் அவற்றுக்கு இணையான பங்கு வகிப்பதைக் கடந்த அரை நூற்றாண்டு ஆய்வுகள் வலியுறுத்தி வருகின்றன. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, கடினமான வேலை எல்லாமே மனிதரைக் கெடுப்பதில்லை; கடினமாகவும் இருந்து, அதில் தீர்மானிக்கும் உரிமையும் இல்லாதபோதுதான் அது உடலையும் மனத்தையும் அரிக்கிறது. லண்டன் அரச ஊழியர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு 1985இல் தொடங்கிய ஆய்வொன்று, மேசையில் அமர்ந்து வேலை செய்வோரிடையேகூட இந்த உரிமை குறைந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வருவதைக் கண்டறிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தொழிலிட மனநல வழிகாட்டலும் இக்குறையை ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகக் கொள்கிறது.

இந்த அளவுகோலை இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் வைத்துப் பார்த்தால், விளங்காமல் கிடந்த பல விடயங்கள் துலக்கமாகின்றன. பசறை, மடுல்சீமை, நமுனுகுல, அப்புத்தளை என்று எந்தப் பக்கத்தை எடுத்தாலும், கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள் விடியுமுன்பே லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் தொடங்கிவிடுகிறது. ரொட்டி சுட்டு, பெரிய பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சிறியதைப் பிள்ளைக்காம்பரா எனப்படும் தோட்டத்துக் காப்பகத்தில் விட்டு, காலை ஆளெடுப்பான பெரட்டுக்குப் போய்ச் சேர்ந்த பின்னர், எந்த மலையில் எந்த நிரையில் நிற்பது என்பதை மேற்பார்வை செய்யும் கங்காணி சொல்கிறார். ஒரு நாள் கூலிக்குப் பறித்தாக வேண்டிய கிலோ அளவை நிர்வாகம் குறித்துவிடுகிறது. அதை எட்டாவிட்டால் வருகைப் பதிவேடான செக்ரோலில் ஒரு பேராக, அதாவது முழுநாள் வேலையாக, விழ வேண்டியது அரைப்பேராக விழுகிறது. பறித்த கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோக்களைக் கழிப்பது மலையகத்தில் தலைமுறைகளாகத் தொடரும் முறைப்பாடு. தராசின் முள் எங்கே நிற்கிறது என்பதைப் பறித்தவரே பார்க்க முடிகிறதா என்ற கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நாள் முழுவதும் சரிவில் நின்று உழைத்த உழைப்பு எண்ணாக மாறும் அந்த ஒரு நிமிடத்தில் தன் கணக்கு தன் கண்ணுக்கு எட்டாமல் போவதைவிட மனத்தைக் கசக்கும் அனுபவம் வேறு அதிகம் இருக்க முடியாது.

தேயிலையின் இயல்பும் இங்கே ஒரு முரணை உண்டாக்குகிறது. ஆடி முதல் புரட்டாதி வரை, மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு வரும் கச்சான் காற்று ஊவாச் சரிவுகளில் வீசுகிறது. அதனால் துளிர் மெதுவாக வளர்ந்து வாசனை செறிகிறது. ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர் பெற்றிருப்பது இந்தப் பருவத்தால்தான். துளிர் மெதுவாக வளர்வதனாலேயே கூடையில் விழும் கிலோ குறைகிறது. பறிக்கும் மட்டத்தைக் காட்டும் மட்டக்கம்பைச் செடிமேல் கிடத்தி, முற்றல் இலையைத் தவிர்த்து, இரண்டு இலையும் அரும்புமாகக் கிள்ளும் கைத்திறன் அதிகம் வேண்டப்படும் வேளையில், கிலோவையே அளவாகக் கொண்ட கூலிமுறை அத்திறனைக் கணக்கில் எடுப்பதில்லை. திறமைக்கு மதிப்புக் கிடைப்பது தொழில் மகிழ்ச்சியின் பெரும் பகுதி என்று உளவியலாளர் சொல்வது உண்மையானால், ஆண்டின் சிறந்த தேயிலை உருவாகும் மாதங்களில் அதைப் பறிப்பவர் அந்த மதிப்பை இழக்கிறார்.

ஊதியம் முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. நாட்கூலி 1,000 ரூபா என்பது நெடிய போராட்டத்துக்குப் பிறகே 2021இல் வர்த்தமானியில் ஏறியது. 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாவானது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி என்பதுகூட 1984இல்தான் வந்தது. பசியோடு இருப்பவரிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுவது கொடுமை. எனினும் கூலி உயரும்போதெல்லாம் பறிக்க வேண்டிய கிலோவும் கூடவே உயர்த்தப்படுகிறது என்ற மனக்குறை எழுவதைக் கவனித்தால், கூலியையும் கணக்கின் மீதான உரிமையையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது விளங்கும்.

இந்த உரிமையைத் தொழிலாளரே கையிலெடுத்த ஒரு நிகழ்வு ஊவாவின் பதுளைக்கு அருகிலேயே உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததை ஒட்டிய காலத்தில் மலைநாட்டில் பரவிய வேலைநிறுத்த அலை, சில மாதங்களில் ஊவாவை எட்டியது. அங்குள்ள வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தாமே தேர்ந்தெடுத்த சபை ஒன்றை அமைத்தனர்; அச்சபையுடன் கலந்து பேசியே நடப்பதாகத் தோட்ட முகாமையாளரான துரை ஒப்புக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து தொழிலாளர் ஆயுதங்களைப் பறித்ததும் வரலாற்றில் பதிவாகியுள்ளது. இடதுசாரிகளான சமசமாஜக் கட்சியினர் முன்னின்ற அந்த அலை பின்னர் அடக்கப்பட்டது, சபையும் நிலைக்கவில்லை. அதன்பின் 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் போய், மேலே இருப்பவர்கள் மாறினார்களே தவிர, பெரட்டில் உத்தரவு மேலிருந்து கீழே வரும் ஒழுங்கு அசையவில்லை.

தீர்மானிக்கும் ஆற்றல் தொழிலாளரிடம் இல்லை என்று யாராவது வாதிட்டால், மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தை அவர் ஒருமுறை பார்க்க வேண்டும். கம்பம் ஊன்றுவது முதல் வேடம் கட்டுவோரைத் தெரிவு செய்வது, வீடுவீடாகப் பணம் சேர்ப்பது, கணக்கு ஒப்புவிப்பது வரை எல்லாவற்றையும் லயத்து மக்களே பேசி முடிவெடுத்து நடத்துகிறார்கள். பகலில் எந்த நிரையில் நிற்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் அதே மனிதர்கள்தான் இரவில் விடிய விடிய ஒரு பெருங்கூத்தை நெறிப்படுத்துகிறார்கள். கூடையோடு சிரிக்கும் பெண்ணைச் சுற்றுலாப் படங்களில் அச்சிடுவோர் இந்த இரவுப் பக்கத்தை அறிவதில்லை.

அண்மைக் காலத்தில் கம்பனிகள் முன்வைக்கும் புதிய முறையில், ஒரு குடும்பத்துக்கு இத்தனை தேயிலைச் செடி என்று பொறுப்புக் கொடுத்து, அவர்கள் பறிக்கும் கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். எப்போது மலைக்குப் போவது, எப்போது வீடு திரும்புவது என்பதைக் குடும்பமே தீர்மானிக்கலாம் என்பதால், கராசெக் சொன்ன உரிமை இதில் ஓரளவு கிடைப்பதுபோல் தெரிகிறது. ஆனால் ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் சேவைக்காலப் பணிக்கொடையும் ஊழியர் என்ற தகுதியோடு பிணைந்தவை. அந்தத் தகுதி நழுவினால் முதுமைக்கான பாதுகாப்பும் நழுவும் என்று தொழிற்சங்கங்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. தவிர, கொழுந்தின் விலையை யார் எதைப் பார்த்து எழுதுகிறார்கள், உரத்துக்கும் மருந்துக்கும் கழிக்கும் தொகையைத் தொழிலாளி சரிபார்க்க வழி உண்டா, கச்சான் மாதங்களில் தரத்துக்குத் தனி விலை கிடைக்குமா என்ற மூன்றும் ஒப்பந்தத் தாளில் தெளிவாக இல்லாதவரை, செடியின் பொறுப்பு மட்டுமே குடும்பத்துக்கு மாறும்; தராசு பழைய கையிலேயே இருக்கும்.