ஜாவாவின் கதிரும் பங்கும்

ஜாவாத் தீவின் நெல்வயல்களில் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்புவரை அறுப்புக்கு அரிவாளைக் கொண்டுபோகும் வழக்கம் கிடையாது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சிறு மரத்துண்டு, அதன் விளிம்பில் பதித்த மெல்லிய இரும்புத் தகடு, விரல்களுக்கிடையே பிடித்துக்கொள்ள ஒரு மூங்கில் குச்சி, இவ்வளவுதான் கருவி. அதற்கு அனி-அனி என்று பெயர். கூரிய ஆயுதத்தைக் கண்டால் நெல்லுக்கு அதிதேவதையான தேவி ஸ்ரீ மிரண்டு வயலைவிட்டு அகன்றுவிடுவாள் என்ற நம்பிக்கையினால், அதைக் கைக்குள் மறைத்துப் பிடித்தபடி பெண்கள் வரிசையாக வயலில் இறங்கி, ஒவ்வொரு கதிராகத் தாளின் மேற்பகுதியோடு கொய்து, கட்டுக் கட்டாகக் கட்டிச் சுமந்துகொண்டு போவார்கள். பொறுமையைச் சோதிக்கும் முறைதான். ஆயினும் அதில் ஒரு தர்மம் இருந்தது. இத்தனை மெதுவாக நடக்கும் வேலைக்கு எத்தனை கைகள் வந்தாலும் தகும் ஆதலால், அறுப்பு நாளன்று நிலமில்லாத பெண் ஒருத்தி தானாக வந்து வயலில் இறங்கினால் அவளை வேண்டாமென்று அனுப்புவது நிலக்காரருக்கு அழகல்ல என்று ஊரார் கருதினார்கள். அவள் கொய்ததில் பத்தில் ஒன்றோ, உறவையும் அண்டையையும் பார்த்து அதற்குச் சற்றுக் கூடவோ குறையவோ, பாவோன் என்ற பெயரில் அவளுடைய பங்காகப் பிரித்துக் கொடுத்தார்கள்.

அந்தப் பாவோன் எப்படித் தேய்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், இன்றைய இந்தோனேசியக் கிராமத்தின் ஸ்திதியில் பாதி விளங்கிவிடும். 1960-களின் இறுதியில் பிலிப்பைன்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து குட்டை ரக நெல் வந்தது. அதன் தாள் குறுகியது, மணி எளிதில் உதிர்வது. கதிர் கதிராகக் கொய்வது அதற்குச் சரிப்படவில்லை. அரிவாள் வந்தது. அரிவாளின் பின்னால் பெனெபாஸ் என்னும் வியாபாரி வந்தான். பயிர் நிற்கும்போதே விலைபேசி முடித்துக்கொண்டு, தன் சொந்த ஆட்களை வண்டியில் ஏற்றிவந்து, அறுத்து, தராசில் நிறுத்து, ரொக்கக் கூலி கொடுத்து அனுப்புகிறவன் அவன். நிலக்காரருக்கு இதனால் இரட்டை லாபம்: அறுப்புச் செலவு குறைந்தது, ஏழை உறவினர்களுக்கு இல்லையென்று சொல்லும் சங்கடம் வெளியூர்க்காரன் தலையில் விழுந்தது. அதே காலத்தில் ஊருக்கு ஊர் சிறு அரிசி மில்களும் முளைத்துவிட்டபடியால், உலக்கை பிடித்து நெல் குத்தி ஜீவித்த பெண்களுக்கு அந்த வழியும் அடைபட்டது.

தேசக் கணக்கில் பார்த்தால் இது மகத்தான வெற்றி. 1984-ல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவு கண்டது. மறுவருஷம் ஜனாதிபதி சுகார்த்தோ ரோமாபுரியில் ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனத்தின் மாநாட்டில் அதைப் பெருமையோடு எடுத்துச் சொன்னார். இதற்கிடையில் மருந்தை அடிக்க அடிக்கப் புகையான் பூச்சி பெருகிற்று. அதன் இயற்கைப் பகைகளான சிலந்திகளும் பிற பூச்சிகளும்தான் மருந்தில் மடிகின்றன என்று கண்டுகொண்ட சர்க்கார், 1986-ல் ஒரே உத்தரவில் ஐம்பத்தேழு பூச்சிமருந்துகளை நெல்லுக்குத் தடைசெய்தது. சர்வாதிகார ஆட்சி ஒன்று செய்த காரியங்களில் நான் தயக்கமின்றி மெச்சக்கூடியவை சிலவே. அவற்றில் இது ஒன்று. 1973 முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் கிராமங்களில் 61,000-க்கு மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளைக் கட்டியது மற்றொன்று.

பழைய ஏற்பாட்டை ஒரு பொற்காலமாகப் போற்றுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அமெரிக்க மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1963-ல் எழுதிய நூலில், ஜாவாக் கிராமம் பெருகும் ஜனத்தொகையை ஒரே வயலுக்குள் மேலும் மேலும் இழுத்துக்கொண்டு வறுமையையே பங்கிட்டுக்கொள்கிறது என்றார். அந்தப் பங்கீடு அப்படி ஒன்றும் சமமானதல்ல என்று பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் அவரை மறுத்தார்கள். மறுத்தவர்கள் பக்கமே நியாயம் அதிகம். இருந்தாலும் கொஞ்சமோ நிறையவோ, கேட்டுப் பெறத்தக்க ஒரு பங்கு ஏழைக்கு இருந்தது. அதற்கு மாற்றாக ஊருக்குள் என்ன வந்தது என்பதே இன்றும் கேட்க வேண்டிய கேள்வி.

நிலத்திலிருந்து அதிகம் வரவில்லை. அரை ஹெக்டேருக்கும், அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் ஏக்கருக்கும், குறைவாகச் சாகுபடி செய்கிற குடும்பங்களை அந்நாட்டார் குரெம் என்பார்கள். 2013-ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பில் இத்தகைய குடும்பங்கள் சுமார் 1 கோடியே 42 லட்சம். 2023-ல் 1 கோடியே 69 லட்சம். தகப்பனின் வயல் பிள்ளைகளுக்குள் துண்டாகிக்கொண்டே போகிறது; பள்ளிக்கூடத்தில் படித்து வெளிவந்த பிள்ளைக்கோ அந்தத் துண்டில் இறங்க மனமில்லை.

ஆகவே பெண்கள் கடல் கடந்தார்கள். கிழக்கு ஜாவாவின் பொனொரோகோ, பிலித்தார், துலுங்காகுங் போன்ற மாவட்டங்களிலிருந்து ஹாங்காங்குக்கும் தைவானுக்கும் வீட்டுவேலைக்குப் போகிறவர்களின் வரிசை பல ஆண்டுகளாக ஓயவில்லை. முற்றத்தில் வழவழக்கும் டைல்ஸும் முகப்பில் உருண்டைத் தூண்களுமாக ஊருக்குள் ஒரு வீடு தனித்து நின்றால், அது அயல்நாட்டுச் சம்பளத்தில் எழுந்தது என்று ஊகிப்பதில் பெரும்பாலும் பிழை வராது. மாதந்தோறும் கூடும் போஸ்யாண்டு என்னும் தாய்சேய் நல முகாமில் இந்தச் சம்பளத்தின் மறுபக்கத்தைக் காணலாம். விட்டத்தில் தொங்கவிட்ட நிறைகோலில் தூளிபோலத் துணியைக் கட்டி, அதில் குழந்தையைக் கிடத்தி, ஊர்த் தொண்டர்களான பெண்கள் எடை பார்த்து அட்டையில் குறிக்கிறார்கள். எடை சரிதானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பவள் பல வீடுகளில் தாய் அல்லள், பாட்டி.

இன்னொரு பங்கு தலைநகரிலிருந்து வருகிறது. 2014-ல் இயற்றிய கிராமச் சட்டத்தின்படி, மறுவருஷம் முதல் நாட்டின் ஏறக்குறைய 75,000 கிராமங்களுக்கும் மத்திய சர்க்கார் நேரடியாக நிதி கொடுக்கலாயிற்று. சில ஆண்டுகளில் அது சராசரியாகக் கிராமத்துக்கு நூறு கோடி ரூப்பியாவை, நம் பணத்தில் சுமார் ஐம்பது லட்சத்தை, எட்டியது. சந்துகளுக்குச் சிமெண்டுத் தளமும் ஓரத்தில் சாக்கடையும் வந்தன. வரவு செலவைப் பெரிய பலகையில் எழுதி ஊர் அலுவலகத்து முன் நிறுத்தும் நல்ல பழக்கமும் வந்தது. முன்னாளில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக நெற்கதிர், சோளம், மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றைச் சின்னங்களாக வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டு, சம்பளத்துக்குப் பதிலாக மானிய நிலத்தை அனுபவித்துவந்த ஊர்த்தலைவரின் பதவிக்கு இதனால் மவுசு கூடிற்று. நிதியைக் கையாடிச் சிறை சென்ற தலைவர்களும் உண்டு. 2023 ஜனவரியில் ஊர்த்தலைவர்கள் பெருந்திரளாக ஜகார்த்தாவுக்கு வந்து பாராளுமன்றத்தின் முன் கூடி, ஆறு வருஷப் பதவிக்காலத்தை ஒன்பதாக்கும்படி முழங்கினார்கள். மறுவருஷம் எட்டு கிடைத்தது. கூலிக்காரர்களின் கோரிக்கை இத்தனை விரைவில் பலித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

யோக்யகர்த்தா நகருக்குக் கிழக்கே, குனுங்கிதுல் மாவட்டத்தின் மலைச்சரிவில் இருக்கும் ங்லாங்கெரான் மட்டும் வேறு வழி ஒன்றைத் தேடிற்று. வறட்சிக்கும் மரவள்ளிக்கிழங்குச் சாப்பாட்டுக்கும் பெயர்போன மாவட்டம் அது. ஊரின் தலைக்குமேல் எரிந்து ஓய்ந்த ஆதி எரிமலையின் கரும்பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. அந்த மலைமேல் காம்புங் பித்து என்று ஒரு சிற்றூர்; ஏழு குடும்பங்களுக்கு மேல் அங்கே குடியிருக்கலாகாது என்பது தொன்றுதொட்ட விதி. கீழே ஊரின் இளைஞர் சங்கத்தார் மொட்டைப் பாறைகளுக்கிடையே மரம் நட்டு, பிறகு பாறையைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டி, கட்டணம் வாங்கி, வீடுகளில் தங்க இடம் கொடுக்கத் தொடங்கினார்கள். கோகோவைப் பக்குவம் செய்து சாக்லேட் ஆக்குகிறார்கள். நம் நாட்டு ஜமுனாபாரி ஆட்டின் கலப்பு வழியில் வந்த எத்தாவா ஆடுகளின் பாலையும் விற்கிறார்கள்.

இவற்றையெல்லாம்விட என்னை ஆச்சரியப்படுத்தியது அவர்கள் போட்ட ஒரு கணக்கு. 2014-ல் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வந்து குவிந்து, பாறையும் பாதையும் தாங்காமல் போகவே, கட்டணத்தை உயர்த்தி, கூட்டத்தைக் குறைத்து, தங்கிப் போகிறவர்களை வரவேற்பதென்று தீர்மானித்தார்கள். 2017-ல் வந்தவர்கள் ஏறத்தாழப் பாதி. வருமானமோ முன்னைவிட அதிகம். ஊருக்கு எது எவ்வளவு வரவேண்டும் என்பதை டச்சுக்காரர் காலம் முதல் வெளியார் நிர்ணயித்தே பழகிய ஒரு நாட்டில், ஒரு கிராமம் தானே கூடி இவ்வளவு போதும் என்று முடிவு செய்தது சாமானியக் காரியமன்று. 2021-ல் ஐ.நா. சுற்றுலா ஸ்தாபனம் உலகின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

ஆனால் எரிமலைப் பாறை எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. தேக்கும் கிழங்கும் தவிர வேறொன்றும் இல்லாத அயல் கிராமங்களில் நோன்புப் பெருநாளுக்குத்தான் இளைஞர்களைப் பார்க்க முடிகிறது. ஜகார்த்தாவிலிருந்து பஸ்ஸிலும் ரயிலிலும் மோட்டார் சைக்கிளிலும் லட்சோபலட்சமாக ஊர் திரும்புகிறவர்கள் ஒரு வாரம் இருந்துவிட்டுக் கிளம்பும்போது, தம்பியையோ பக்கத்து வீட்டுப் பையனையோ கூடவே அழைத்துக்கொண்டு போகிறார்கள். இப்படி வந்திறங்கும் புதியவர்களைப் பெருநாள் முடிந்த கையோடு தெருத்தெருவாகச் சோதித்து, அடையாளச் சீட்டு இல்லாதவர்களை ஊருக்கே திருப்பி அனுப்புவதை ஜகார்த்தா நகர நிர்வாகம் வருஷாந்தரச் சடங்காகவே வெகுகாலம் நடத்திவந்தது. அனுப்பப்பட்டவர்களில் பலர் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டார்கள் என்பதை எல்லாரும் அறிவார்கள்.