சூடேறினால் நழுவும் கியர்ப்பெட்டி

காலையில் வண்டி ஒழுங்காக ஓடுகிறது. சூடேறிய பிறகு, முதல் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது உதைக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வெளிவந்த ஷெவர்லே சிறு லாரிகள் பலவற்றில் இந்த முறையீடு எழுந்தது. அவற்றில் இருந்தது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 4எல்60-இ என்னும் தானியங்கிக் கியர்ப்பெட்டி. உதைப்பது இரண்டாம் கியர். நோய் இருப்பதோ வேறிடத்தில்.

எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே முறுக்குவிசை மாற்றி என்னும் சாதனம் உண்டு. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றால் மற்றதும் சுழலும் அல்லவா? இங்குக் காற்றுக்குப் பதில் எண்ணெய். ஆனால் இரண்டாவது விசிறி எப்போதும் சற்றுப் பின்தங்கும். இந்த இழப்பைத் தவிர்க்கவே, நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் இரண்டையும் இறுகப் பிணைக்கிறது.

பிணைந்ததா என்பதைக் கணக்குப் போட்டே அறியலாம். நான்காம் கியரின் விகிதம் 0.70. கியர்ப்பெட்டியின் வெளித்தண்டு நிமிடத்திற்கு 2,500 முறை சுழன்றால், எஞ்சின் 1,750 முறை சுழல வேண்டும். 2,000 முறை சுழல்கிறதென்றால் 250 சுற்றுகள் நழுவலில் வீணாகின்றன. வண்டியிலுள்ள கணிப்பொறி இக்கணக்கை ஓயாது போட்டுக்கொண்டிருக்கிறது. நழுவல் தொடர்ந்தால் பி1870 என்ற குறியீட்டைப் பதிந்துவிட்டு, எண்ணெய் அழுத்தத்தை உச்சத்திற்கு உயர்த்துகிறது. ஓட்டுநர் உணரும் உதை இந்த உயரழுத்தத்தின் விளைவே! காய்ச்சலைப் போல, அது நோயன்று. நோய்க்கு உடல் காட்டும் எதிர்ப்பு.

முறுக்குவிசை மாற்றியைப் புதிதாகப் போட்டாலும் நழுவல் திரும்பி வந்தது. அப்படியானால் குற்றம் எங்கே? சூட்டில் மட்டும் தோன்றுவதே நமக்குக் கிடைத்த தடயம். சூடான எண்ணெயின் பாகுநிலை குறையும், அதாவது அது நீர்த்துப்போகும். குறுகிய இடுக்கின் வழியே எண்ணெய் கசியும் அளவு, பாகுநிலைக்கு எதிர்விகிதத்திலும், இடுக்கின் அகலத்தினுடைய மும்மடிக்கு நேர்விகிதத்திலும் இருக்கும். தேய்மானத்தால் இடுக்கு இருமடங்கானால் கசிவு எட்டு மடங்கு! எண்ணெய் குளிர்ந்து தடித்திருக்கும்வரை இது வெளிப்படுவதில்லை. சூடேறியதும் கிளட்சை அழுத்த வேண்டிய எண்ணெய் வழியிலேயே கசிந்துவிடுகிறது.

அந்த இடுக்கு, எண்ணெயைப் பங்கிட்டு அனுப்பும் வால்வுத் தொகுதியில் இருக்கிறது. கிளட்ச் மெல்லப் பிடிக்க வேண்டும் என்பதற்காக, அதன் அழுத்தத்தைத் துடிப்புகளால் கட்டுப்படுத்தும் முறை 1995-இல் புகுத்தப்பட்டது. ஒரு மின்காந்த வால்வு நொடிக்கு 32 முறை திறந்து மூடும். அத்துடிப்புகளை வாங்கும் சிறு வால்வும் தன் துளைக்குள் அதிர்கிறது. ஒரு மணி நேரத்தில் 1,15,200 துடிப்புகள். துளையோ வார்ப்பு அலுமினியம்! ஓட்டுநரின் கவனக்குறைவால் நேரும் தேய்மானம் வண்டிக்கு வண்டி இடம் மாறும். இங்கோ வண்டி எதுவானாலும் தேய்ந்தது அதே துளை. வடிவமைப்பிலேயே குறை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை என்பது என் கருத்து.

பழுதுபார்ப்போர் வால்வுத் தொகுதியைக் கழற்றி, அத்துளையை வெற்றிடப் பம்புடன் இணைத்து, வெற்றிடம் நிற்கிறதா என்று பார்க்கின்றனர். நிற்காவிட்டால், துளையைச் சீராகக் குடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பருத்த வால்வைப் பொருத்துகின்றனர். துளையை அப்படியே விட்டுவிட்டு விலையுயர்ந்த புது முறுக்குவிசை மாற்றியைப் போட்டால், அதன் கிளட்சும் நழுவிக் கருகும்.